எடை குறைக்கும் ஊசியும் எதிர்பாராத கர்ப்பமும்: குடல் ஹார்மோனுக்கும் கருத்தரிப்புக்கும் என்ன சம்பந்தம்?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் தோழி ஒருத்திக்கு பீரியட்ஸ் தள்ளிப்போவது புதிதில்லை. கல்லூரிக் காலத்திலிருந்தே இரண்டு மாதம் வராது, மூன்றாவது மாதம் வரும். பிசிஓஎஸ், கூடவே எடை, முப்பது வயதில் சர்க்கரை. போன வருடம் வாரம் ஒரு ஊசி போட ஆரம்பித்தாள். எடை இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. ஐந்தாவது மாதம் பீரியட்ஸ் வரவில்லை. 'வழக்கம்போலத்தானே' என்று இருந்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து சந்தேகப்பட்டு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு.

ராத்திரி பதினொன்றரை மணிக்கு என்னைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டாள். "இத்தனை வருஷம் நிக்காதது இப்போ எப்படி நின்னுச்சு? இந்த ஊசியால பாப்பாவுக்கு ஏதாவது ஆகுமா?"

நான் மருத்துவர் இல்லை, எண்களோடு மல்லுக்கட்டுகிற ஆள். அன்று ராத்திரி அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதன்பின் உட்கார்ந்து படித்துச் சரிபார்த்த பதில் இது. நீங்கள் அந்த ஊசியைப் போடுகிறீர்களோ, போடலாமா என்று யோசிக்கிறீர்களோ, அல்லது வீட்டில் ஒருவர் போடுகிறாரோ, அடுத்த பத்து நிமிடம் உங்களுக்கானது.

முதலில் எண்கள்

'கேரளாவில் எல்லாரும் நல்லா சாப்பிடுவாங்க, அதான்' என்று சிரிக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு தகவல். 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட கேரளப் பெண்களில் 38.1 சதவீதம் பேரின் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். இந்திய சராசரி 24 சதவீதம்தான். இந்திய உடல்வாகுக்கு 23-லிருந்தே அதிக எடை என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுவதால், உண்மையான வட்டம் இதைவிடப் பெரியது.

சர்க்கரையில் கேரளா முந்துகிறது. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட இந்தியாப் ஆய்வில் கேரளாவில் சர்க்கரை நோய் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், நாடு முழுக்க 11.4 சதவீதம். இது ஆண், பெண் எல்லாரையும் சேர்த்த கணக்கு.

பிசிஓஎஸ் எண்ணிக்கை கொஞ்சம் வேடிக்கையானது. ஐசிஎம்ஆர் முன்னெடுத்து 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. அதே பெண்கள், அதே பரிசோதனைகள். ஆனால் ஒரு வரையறைப்படி 7.2 சதவீதம் பேருக்கு பிசிஓஎஸ், இன்னொன்றின்படி 13.6, மூன்றாவதான ராட்டர்டாம் வரையறைப்படி 19.6 சதவீதம். 'ஐந்தில் ஒரு இந்தியப் பெண்ணுக்கு பிசிஓஎஸ்' என்ற தலைப்பை நீங்கள் பார்த்திருந்தால், அது இந்த மூன்றில் பெரியதை எடுத்துப் போட்டது. பொய்யில்லை, ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை.

குடல் எதற்கு மூளையோடு பேசுகிறது?

உலகில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஹார்மோனே குடலிலிருந்து வந்ததுதான். 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் சிறுகுடலில் செக்ரிட்டினைக் கண்டுபிடித்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல் அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதனால் குடலை வெறும் குழாய் என்று நினைக்காதீர்கள். உடலின் பெரிய நாளமில்லாச் சுரப்பிகளில் அதுவும் ஒன்று.

நமக்கு இங்கே வேண்டியவை மூன்று. கிரெலின் இரைப்பையில் சுரக்கிறது. வயிறு காலியானால் கூடும், சாப்பிட்டால் குறையும். 'பசிக்குது' என்று மூளையிடம் சொல்வது இதுதான். 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது ஜிஐபி, சிறுகுடலின் மேல்பகுதியிலிருந்து. மூன்றாவது ஜிஎல்பி-1, குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து. நீங்கள் ஒரு புட்டும் கடலையும் சாப்பிட்டதும் இந்தக் கடைசி இரண்டும் ரத்தத்தில் கலந்து, 'சர்க்கரை வருது, இன்சுலினைத் தயார் பண்ணு' என்று கணையத்துக்குத் தகவல் சொல்கின்றன. அதனால்தான் ஒரே அளவு குளுக்கோஸை ஊசி வழியாக நரம்பில் ஏற்றுவதைவிட, வாய் வழியாகக் குடித்தால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது. டைப் 2 சர்க்கரை நோயில் இந்தத் தகவல் தொடர்பு மங்கிவிடுகிறது.

ஜிஎல்பி-1 இன்னும் இரண்டு வேலை செய்கிறது: இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது, 'போதும்' என்ற உணர்வை மூளைக்குக் கொடுக்கிறது. இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டே நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். மருந்தாக்க வேண்டுமென்றால் அதைக் கரையாமல் நிறுத்த வேண்டும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் உமிழ்நீரில் அதேபோன்ற, ஆனால் சீக்கிரம் கரையாத ஒரு பொருள் கிடைத்தது. அதிலிருந்து வந்த எக்செனடைட் 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைய செமாகுளுடைட் ஒரு வாரத்துக்குப் பாதி அளவு உடம்பில் நிற்கும். டிர்செபடைட் ஜிஎல்பி-1, ஜிஐபி இரண்டையும் போல நடிக்கிறது. அது பாதியாகக் குறைய ஐந்து நாள்.

இந்த நாள்கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சரி, சினைப்பை எங்கே வந்தது?

மாதம் ஒரு கருமுட்டை வெளியாக வேண்டுமென்றால் மூளையின் ஹைபோதலாமஸ் ஒரு தாளம் போட வேண்டும். அது ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டு விட்டுச் சுரக்கிறது. அந்தத் தாளத்துக்கு ஏற்ப பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் அனுப்புகிறது. அவைதான் சினைப்பையில் முட்டையை வளர்த்து வெளியே விடுகின்றன. ஜிஎன்ஆர்எச்சுக்கு மேலே இருந்து தாளத்தைத் தூண்டுவது கிஸ்பெப்டின். அதன் மரபணு, ஹெர்ஷி சாக்லேட்டுக்குப் பேர்போன அமெரிக்க ஊரில் 1996-ல் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்த ஊர் மிட்டாயின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

உடம்பு இதில் கறாரான கணக்குப்பிள்ளை. பிள்ளை சுமக்க எக்கச்சக்கமான சக்தி வேண்டும். அதனால் 'வீட்டில் அரிசி இருக்கா' என்று கேட்டுவிட்டுத்தான் மூளை தாளத்தைத் தொடங்கும். பட்டினி கிடந்தால் கிரெலின் கூடி எல்எச் துடிப்பு மந்தமாகிறது. கடும் டயட்டில் இருப்பவர்களுக்கும் மாரத்தான் ஓடுபவர்களுக்கும் பீரியட்ஸ் நின்றுபோவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

உடல் பருமனில் அரிசி மூட்டை நிறைய இருக்கிறது, கிரெலினும் பொதுவாகக் குறைவு. அப்படியானால் தாளம் நன்றாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் இன்சுலின் குறுக்கே வருகிறது. செல்கள் இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. தசை செவிசாய்க்காவிட்டாலும் சினைப்பை நன்றாகவே கேட்கிறது! அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதே நேரத்தில், ஆண் ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. ஆக, ரத்தத்தில் சுதந்திரமாகத் திரியும் ஆண் ஹார்மோன் கூடுகிறது. முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று காட்டப்படுபவை உண்மையில் கட்டிகளே இல்லை, வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள். முகத்தில் முடி, முகப்பரு, தள்ளிப்போகும் பீரியட்ஸ் எல்லாம் இந்தச் சங்கிலியிலிருந்து வருபவை.

ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், 'நீ ஒல்லிதானே, உனக்கு எதுக்கு டெஸ்ட்' என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்சுலின் மட்டும்தான் கதை என்றும் இல்லை. திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் மாலினி லாலோராயாவின் ஆய்வுக்குழு பல வருடங்களாக பிசிஓஎஸ்ஸை ஆராய்கிறது. நோய் எதிர்ப்பு அமைப்பை அளவு மீறாமல் அடக்கி வைக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் பிசிஓஎஸ் உள்ள பெண்களின் ரத்தத்தில் குறைவாக இருப்பதை அவர்கள் 2015-ல் காட்டினார்கள். அதாவது உடம்புக்குள் ஒரு மெல்லிய அழற்சியும் சேர்ந்து ஓடுகிறது.

ஊசி என்ன மாற்றுகிறது?

ஊசி போட்டதும் பசி குறைகிறது, எடை இறங்குகிறது, இன்சுலின் அளவு தணிகிறது. இன்சுலின் தணிந்தால் சினைப்பையில் ஆண் ஹார்மோன் குறைகிறது. நின்றுபோன தாளம் மறுபடி பிடிக்கிறது. முதல் முட்டை எப்போது வெளியாகும் என்று யாரும் உங்களுக்கு மெசேஜ் அனுப்ப மாட்டார்கள். பீரியட்ஸ் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முட்டை வெளியாகிவிடும். அதனால் 'பீரியட்ஸ் சீராகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று காத்திருப்பவர்களுக்கு அந்தச் சுழற்சியே கர்ப்பமாகிவிடலாம். என் தோழிக்கு நடந்தது இதுதான்.

ஆதாரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது? சீனாவில் அதிக எடையுள்ள பிசிஓஎஸ் பெண்களுக்கு 12 வாரம் எக்செனடைட் அல்லது மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் முதல் குழுவில் 43.6 சதவீதம், இரண்டாவதில் 18.7 சதவீதம். ஸ்லோவேனியாவில் 28 பெண்களிடம் ஐவிஎஃப் சிகிச்சைக்கு முன் மெட்ஃபார்மின் மட்டும் ஒரு குழுவுக்கும், அதோடு லிராகுளுடைட் என்ற ஜிஎல்பி-1 மருந்தும் சேர்த்து இன்னொரு குழுவுக்கும் கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் குறைந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கரு வைத்தபின் கர்ப்பம் தரித்தது 28.6 சதவீதத்துக்கு எதிராக 85.7 சதவீதம்.

எடை ஒரே அளவுதான் குறைந்தது என்றால், மருந்து எடைக்கு அப்பாலும் ஏதோ செய்கிறதா? ஜிஎல்பி-1 பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் ஹைபோதலாமஸிலும் இருக்கின்றன என்பதால் கேள்வி நியாயமானது. ஆனால் 28 பேர் என்பதை மறக்காதீர்கள். ஒரு குழுவுக்குப் பதினாலு பேர். இரண்டு பேர் முடிவு மாறினாலே சதவீதம் கணிசமாக மாறிவிடும். இதை வைத்து 'ஐவிஎஃப் வெற்றி மூன்று மடங்கு' என்று யாராவது விளம்பரம் போட்டால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். ஜிஎல்பி-1 மருந்துகள் சர்க்கரைக்கும் எடைக்கும் அனுமதிக்கப்பட்டவை, கருத்தரிப்புக்கு அல்ல.

இதைவிடத் திடமான சான்று அறுவை சிகிச்சையிலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் நடந்து 2024-ல் லான்செட்டில் வெளியான பாம்பினி ஆய்வில், பிஎம்ஐ 35-க்கு மேல் உள்ள 80 பிசிஓஎஸ் பெண்கள். பாதிப் பேருக்கு இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் அறுவை, பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம். ஒரு வருடத்தில் அறுவை செய்தவர்களுக்கு நடுத்தரமாக 6 முறை முட்டை வெளியானது, மற்றவர்களுக்கு 2 முறை. ஸ்லீவ் அறுவை கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியையே வெட்டி எடுக்கிறது. உணவு சீக்கிரமாகக் கீழ்க்குடலை எட்டுவதால் ஜிஎல்பி-1 கூடுகிறது. எடை, குடல் ஹார்மோன் இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை இந்த ஆய்வாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த அறுவைக்குப் பின் 12 முதல் 24 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

'எடையைக் குறைச்சிட்டு வாங்க'

கருத்தரிப்பு மையத்தில் நீங்கள் முதலில் கேட்கப்போவது இதுதான். சில நேரம் சிகிச்சையையே இதைக் காட்டித் தள்ளிப்போடுகிறார்கள். இது நான் இந்தக் கட்டுரைக்காகப் படித்ததிலேயே அதிகம் யோசிக்க வைத்த பகுதி.

நெதர்லாந்தில் பிஎம்ஐ 29 அல்லது அதற்கு மேல் உள்ள 577 பெண்களிடம் ஆய்வு. ஒரு குழு முதலில் ஆறு மாதம் வாழ்க்கைமுறைப் பயிற்சி, பிறகு சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு நேரே சிகிச்சை. 2016-ல் வெளியான முடிவு: இரண்டு வருடத்துக்குள் சுகப்பிரசவத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் முதல் குழுவில் 27.1 சதவீதம், நேரே சிகிச்சைக்குப் போன குழுவில் 35.2 சதவீதம். எடை குறைக்கச் சொல்லிக் காத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவு! ஆனால் அதே ஆய்வில் சிகிச்சை இல்லாமல் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் பயிற்சிக் குழுவில் 26.1, மற்றதில் 16.2 சதவீதம்.

என் வாசிப்பு இது. முட்டை வெளியாகாததுதான் உங்கள் பிரச்சினை என்றால், எடையும் இன்சுலினும் குறைவது நேரடியாக உதவும். முட்டை ஒழுங்காக வெளியாகியும் நிற்கவில்லை என்றால், எடையைக் காரணம் காட்டி 36, 37 வயதில் ஒரு வருடத்தைச் செலவழிப்பது நஷ்டமாகலாம். அதனால் 'எனக்கு முட்டை வெளியாகுதா, இல்லையா?' என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு மற்றதைப் பேசுங்கள். பிசிஓஎஸ்ஸுக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதல்படி முட்டையை வெளிக்கொண்டுவர முதலில் கொடுக்க வேண்டியது லெட்ரோசோல் மாத்திரை. அது இந்த ஊசிகளைவிட எத்தனையோ மடங்கு மலிவு. மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இங்கே அறிமுகமானபோது 2.5 மி.கி. ஒரு குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதக் கணக்கு உங்களுக்கே தெரியும்.

வாழ்க்கைமுறை மாற்றம் சுலபம் என்று யாராவது சொன்னால் அவர்களை நெய்யாற்றின்கரைக்கு அனுப்பலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் உள்ளிட்டோர் அந்தத் தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, சர்க்கரை வரும் ஆபத்துள்ள 1,007 பேரிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஊர்க்காரர்களையே தலைவர்களாக்கி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி உணவும் நடையும் பேசும் குழுக்கள். கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர்கள் அவை, நமக்கு அந்நியமில்லை. 2018-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு வருடத்தில் சர்க்கரை வந்தவர்கள் வழக்கமான குழுவில் 17.1, பயிற்சிக் குழுவில் 14.9 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. பழம், காய்கறி சாப்பிடுவது கூடியது, மது குறைந்தது என்ற சின்ன வெற்றிகள் உண்டு. நல்ல திட்டம், அக்கறையான ஆட்கள், அப்படியும் இவ்வளவுதான் நகர்ந்தது. ஆகவே ஜிம்முக்குப் போயும் எடை இறங்கவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

ஊசி போடும்போது தெரிந்திருக்க வேண்டியவை

தோழியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விலங்குச் சோதனைகளில் இந்த மருந்துகள் சிசு வளர்ச்சியைப் பாதித்திருக்கின்றன. அதனால் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது என்பது விதி. மனிதர்களிடம்? நார்டிக் நாடுகள், அமெரிக்கா, இஸ்ரேல் பதிவேடுகளை வைத்து 2024-ல் வெளியான ஆய்வு, டைப் 2 சர்க்கரை உள்ள தாய்மார்களில் தெரியாமல் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜிஎல்பி-1 போட்ட 900-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. இன்சுலின் போட்டவர்களோடு ஒப்பிட்டால் பெரிய பிறவிக் குறைபாடுகள் கூடுதலாக இல்லை. எனவே தெரியாமல் போட்டுவிட்டீர்கள் என்றால் பதறி ஏதும் முடிவெடுக்காதீர்கள். அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் நிறுத்தினால் மட்டும் போதாது, அன்றே மாற்று மருந்து, பெரும்பாலும் இன்சுலின், தொடங்க வேண்டும். என் தோழிக்கும் அப்படித்தான் நடந்தது.

ஏன் அவசரம் என்றால், சிசுவின் இதயமும் மூளையும் தண்டுவடமும் முதல் எட்டு வாரத்தில் உருவாகிவிடுகின்றன. அந்த எட்டில் ஐந்தாறு வாரம் உங்களுக்குத் தெரியாமலே ஓடிவிடும். அந்த நேரத்தில் ரத்தச் சர்க்கரை எகிறி இருப்பதுதான் உண்மையான ஆபத்து. திட்டமிட்டுக் கருத்தரிப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வரட்டும் என்பார்கள். கூடவே நீங்கள் எடுக்கும் கொலஸ்ட்ரால், பிபி மாத்திரைகளையும் காட்டுங்கள். சிலவற்றைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். ஃபோலிக் ஆசிட் எவ்வளவு என்பதும் அப்போதே கேட்க வேண்டியது.

குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா? செமாகுளுடைட் என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பும், டிர்செபடைட் என்றால் ஒரு மாதம் முன்பும் நிறுத்தச் சொல்கிறது 2025 ஜூனில் வந்த பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல். முன்னே சொன்ன நாள்கணக்கு இதற்குத்தான். நிறுத்தியதும் பசி திரும்ப வரும், எடை ஏறும். அதற்கும் ஒரு திட்டம் கையில் இருக்கட்டும்.

இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் முக்கியம். கருத்தடை மாத்திரை வாய் வழியாகப் போவது. டிர்செபடைட் இரைப்பை காலியாவதை மெதுவாக்குவதால் அந்த மாத்திரை ரத்தத்தில் சேர்வது குறைகிறது. முதல் டோஸுக்குப் பிறகும், டோஸ் கூட்டும்போதும் இது அதிகம். அதனால் ஊசி தொடங்கி 4 வாரமும், ஒவ்வொரு முறை டோஸ் கூட்டியபின் 4 வாரமும் காண்டம் சேர்த்துப் பயன்படுத்துங்கள், அல்லது காப்பர்-டி போல வாய் வழியாகப் போகாத முறைக்கு மாறுங்கள். செமாகுளுடைட்டில் மாத்திரை உறிஞ்சப்படுவதில் இவ்வளவு பாதிப்பு காணப்படவில்லை. ஆனால் எந்த ஊசியானாலும் வாந்தி, பேதி வந்த நாளில் மாத்திரையை நம்ப முடியாது. பீரியட்ஸ் ஒழுங்கில்லாதவர்கள் 'எனக்கு எங்கே நிக்கப்போகுது' என்று கருத்தடையை விட்டுவிடுவதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு.

திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு: மருத்துவக் கல்லூரி வளாகத்து எஸ்ஏடி மருத்துவமனையில் கருத்தரிப்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. புலயனார்கோட்டையில் அரசின் இந்திய நீரிழிவு நிறுவனம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இரண்டும் தனித்தனி இடங்கள். சர்க்கரை மருத்துவர் பீரியட்ஸ் பற்றிக் கேட்க மாட்டார், மகப்பேறு மருத்துவர் ஊசி பற்றிக் கேட்க மறந்துவிடுவார். நடுவில் தகவலைச் சுமந்துபோவது நீங்கள்தான். ஆகவே கைப்பேசியில் ஒரு குறிப்பு திறந்து, முதல் ஊசி போட்ட தேதி, ஒவ்வொரு டோஸ் கூட்டிய தேதி, கடைசி பீரியட்ஸ் தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். அந்த நாலு வாரக் கணக்கும் இரண்டு மாதக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.